வீட்டுப் பிள்ளை எழுதிய சரித்திரம்

1911-ஆம் வருஷத்தில் அமெரிக்க ராஜாங்கத்தின் செலவில் வாஷிங்டனில் அச்சாகி வெளிவந்த ‘ஒமாஹா குலம்’ என்ற பெரிய கிரந்தத்தின் முகப்பில் ஆசிரியர் பெயர்கள் இரண்டு காணப்படுகின்றன. முதலில் வருவது ஆலிஸ் ஃப்ளெச்சர் என்னும் மாதின் பெயர். ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த பீபாடி பொருட்காட்சிசாலையில் அவர் பெற்றிருந்த ஆராய்ச்சி மானியம் அப்பெயரின் அடியில் விருதுபோல விளங்குகிறது. அடுத்து வருவது ஃபிரான்சிஸ் லா ஃப்ளெஷ் என்பவரின் பெயர். சட்டக்கல்வியில் இரண்டு பட்டங்கள் பெற்றவராயும், முப்பது வருஷ காலம் ராஜாங்க உத்தியோகம் பார்த்தவராயும், தம் இளமைக் காலத்தைப் பற்றி ஓர் அரிய நூலை ஏற்கெனவே பிரசுரித்தவராயும் இருந்த அந்த மனிதருக்கு அம்முகப்பேட்டில் கொடுக்கப்பட்டிருக்கும் தகுதி, அவர் ஒமாஹா குலத்தில் ஒருவர் என்பது மட்டுமே.

இதைப் பார்த்தவுடன் நமக்குச் சற்றுக் கோபம் வருவது இயல்பு. ஆயினும் நூலுக்குள் நுழைந்து, எந்தெந்தப் பகுதிகளை அந்நியர் எவரும் எத்தனை வருஷம் தங்கியிருந்தாலும் எழுதியிருக்க மாட்டார் என்று கவனித்துக்கொண்டே போகிறவருக்கு, அச்சிட்டவர்கள் என்ன கருதி அச்சிட்டார்களோ, அந்த ஒற்றை வரியைவிடப் பெரிய தகுதி அந்நூலின் விஷயத்தில் வேறொன்றும் இல்லை என்பது விளங்கிவிடும். பழங்குடிகளின் சரித்திரத்தை அக்குடிகளில் பிறந்தவர்களே எழுத வேண்டும் என்று இப்பொழுது எல்லாரும் சொல்லுகிறார்கள். மேடைகளில் அப்படிச் சொல்லுவதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது. அப்படி எழுதப் புகுகிறவன் தன் பிறப்பினால் வந்த அறிவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வருவதில்லை. அந்தக் குலத்துக்குத் தான் பட்ட கடனையும், அதன் காரியங்களில் கைவைக்கத் தனக்கு உண்டான அதிகாரத்தையும், அந்த அதிகாரத்தினால் நேரக்கூடிய பிழைகளையும் சேர்த்தே சுமந்து வருகிறான். லா ஃப்ளெஷ் செய்த காரியங்களில் சில இன்றைய கண்ணுக்குப் பிழையென்றே படும். அவற்றை மறைக்காமல் சேர்த்துக்கொண்டுதான் அவரை மதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

மிசௌரி நதியின் மேற்குக் கரையில், இன்றைய நெப்ராஸ்கா மாகாணத்தில், ராஜாங்கம் ஒமாஹா ஜனங்களுக்கென்று ஒதுக்கி வைத்த நிலத்தில் 1857-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தை ஜோசப் லா ஃப்ளெஷ், ஃபிரெஞ்சு வியாபாரி ஒருவருக்கும் பூர்வகுடிப் பெண் ஒருத்திக்கும் பிறந்தவர். இரும்புக்கண் என்று பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டவர். ஒமாஹா குலத்தின் பெரிய தலைவரின் சுவீகார புத்திரராகி, 1853-இல் அவருக்குப் பின் தலைமையை அடைந்தவர். வெள்ளையர் வெள்ளம்போல வந்துகொண்டிருப்பதை அவர் கண்டார். அவர்களுடைய கல்வியையும் உழவையும் கற்றுக்கொள்ளாவிட்டால் தம் ஜனங்கள் பூண்டோடு அழிந்துபோவார்கள் என்று தீர்மானித்தார். தம் ஆட்களில் மது அருந்தியவர்களைக் கடுமையாகத் தண்டித்தார். மரப்பலகை வீடுகள் கொண்ட ஒரு கிராமத்தை அமைத்தார். பழமையில் நின்றவர்கள் அந்தக் கிராமத்துக்கு, வெள்ளைக்காரராக வேஷம் போடுகிறவர்களின் ஊர் என்று பெயர் வைத்துப் பரிகசித்தார்கள். இந்தத் தந்தையின் மக்களில் ஸூஸெட் தம் வாக்கினாலும், ஸூஸன் அமெரிக்கப் பூர்வகுடிகளில் முதன்முதலாக 1889-இல் வைத்தியப் பட்டம் பெற்ற பெண் என்ற கீர்த்தியினாலும் பிரசித்தி அடைந்தார்கள், ஃபிரான்சிஸோ எழுத்தினால்.

பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் அவர் படித்தார். அங்கே பிள்ளைகளின் சொந்தப் பெயர்கள் நீக்கப்பட்டு ஆங்கிலப் பெயர்கள் சூட்டப்பட்டன. தாய்மொழியில் பேசினால் தண்டனை உண்டு. அந்த வாழ்க்கையை அவர் 1900-இல் ‘நடு ஐவர்’ என்று பெயர் கொள்ளத்தக்க ஒரு நூலில் எழுதினார். கசப்பை வாரி இறைப்பதற்கு எல்லா நியாயமும் இருந்தும், பிள்ளைகளின் விளையாட்டையும் சிநேகத்தையும் பயத்தையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகும் அந்த நடையில் ஒரு தந்திரம் இருக்கிறது. வாசிப்பவன் அச்சிறுவர்களை வேறு ஜாதி ஜந்துக்களாக எண்ணாமல் தன் பிள்ளைப்பருவத்துத் தோழர்களாக எண்ணத் தொடங்கிய பிறகே, அவர்களுக்கு என்ன இழைக்கப்பட்டது என்பது அவன் மனத்தில் உறைக்கிறது. இனவியல் நூல்களைத் தொடவும் மனமில்லாத வாசகர்கள்கூட இதைப் படிக்கலாம்.

பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கத்தில் பழைய வாழ்வு முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஒமாஹா ஜனங்கள் மேற்குச் சமவெளியில் கோடைகாலத்தில் கூட்டமாகச் சென்று நடத்திய கடைசிக் காட்டெருமை வேட்டைகளில் அவரும் கலந்துகொண்டார். பத்துக் கிளைகள் கொண்ட அக்குலம், வானத்தைச் சேர்ந்தோர் பாதியாகவும் பூமியைச் சேர்ந்தோர் பாதியாகவும் வகுக்கப்பட்டு, வேட்டைக்குப் புறப்படும்போது கூடாரங்களைப் பெரிய வட்டமாக அடித்து, இன்ன கிளைக்கு வட்டத்தில் இன்ன இடம் என்ற நியதியைக் காத்து வந்ததை, ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர் அவர். அந்த வட்டத்துக்குள் குதிரை மேய்த்தவர். தம் குதிரைகள் புனிதக் கூடாரம் ஒன்றில் முட்டிவிட்டதையும், தந்தையின் கட்டளைப்படி அக்கூடாரத்தின் பெரியவரிடம் போய்ப் பரிகாரம் பெற்றுவந்ததையும் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஆராய்ச்சிக்காரர் எவருக்கும் அந்தக் கூடாரத்தைப் பற்றித் தகவல் கிடைத்திருக்கலாம். அதை எண்ணும்போது உண்டாகும் பயம் கிடைத்திருக்காது.

அவரை வெளியுலகத்துக்கு இழுத்து வந்தது ஒரு வழக்கு. ஒமாஹா ஜனங்களுக்கு உறவினரான போன்கா குலத்தாரை 1877-இல் ராஜாங்கம் அவர்களுடைய நிலத்தைவிட்டுத் தெற்கே ஓட்டியது. அங்கே நோயில் இறந்த தம் மகனின் உடலைப் பிறந்த மண்ணில் அடக்கம் செய்வதற்காகத் தலைவர் ஸ்டாண்டிங் பேர் சிறு கூட்டத்துடன் வடக்கே திரும்பி வந்தார். ராணுவம் அவரைச் சிறைப்பிடித்தது. 1879-இல் நியாயாதிபதி எல்மர் டண்டி, சட்டத்தின் பார்வையில் பூர்வகுடியும் ஒரு மனிதனே என்று தீர்ப்பளித்தார். (இதற்கு ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.) அத்தலைவர் கிழக்கு நகரங்களில் பிரசங்கப் பிரயாணம் செய்தபோது ஸூஸெட் மொழிபெயர்ப்பாளராகப் போனார், தம்பி ஃபிரான்சிஸ் துணையாகப் போனார். அதன் பலனாக 1881-இல் அவருக்கு வாஷிங்டனில், பூர்வகுடி விவகார அலுவலகத்தில், நகலெழுதும் குமாஸ்தா வேலை கிடைத்தது.

அந்த அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. 1883-இல் அதே இலாகா, பூர்வகுடிகளின் நடனங்களையும் சடங்குகளையும் மந்திரவாதிகளின் தொழிலையும் குற்றங்களாக்கி, அவற்றை விசாரிக்கத் தனி நியாயஸ்தலங்களையும் ஏற்படுத்தி விதிகளை வெளியிட்டது. பகலில் அந்த இலாகாவின் கடிதங்களை நகலெடுத்துச் சம்பளம் வாங்கிய மனிதர், ஓய்ந்த வேளைகளில் அதே சடங்குகளின் மந்திரங்களையும் பாட்டுகளையும் ஒவ்வொன்றாக எழுதி வைத்துக்கொண்டிருந்தார். இதை இரட்டை வேஷம் என்று சொல்லலாம். உயிர் பிழைப்பதற்கும் நினைவு பிழைப்பதற்கும் ஒரே கூரையின் கீழ் வழி தேடியது என்றும் சொல்லலாம். இரண்டாவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தகவல் சொல்லும் ஆளாக இருப்பதற்கும் நூலாசிரியனாக இருப்பதற்கும் உள்ள தூரத்தை அவர் வெகு சீக்கிரத்தில் உணர்ந்திருக்க வேண்டும். ஜேம்ஸ் ஓவன் டோர்ஸி என்ற பாதிரியார் 1884-இல் வெளியிட்ட ஒமாஹா சமூகவியல் நூலுக்குத் தகவல் தந்தவர்களில் ஜோசப் லா ஃப்ளெஷும், இரு காகங்கள் என்று பொருள்படும் பெயருடைய ஒரு பெரியவரும் முக்கியமானவர்கள். டோர்ஸி யோக்கியமான மனிதர். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால், இரு காகங்கள் இதை மறுக்கிறார் என்று மறைக்காமல் குறித்து வைத்தார். அரைநூற்றாண்டு கழித்து எட்வர்ட் ஸபீர் என்ற பேரறிஞர் அந்தக் குறிப்புகளைக் கண்டு திடுக்கிட்டதைப் பற்றி 1938-இல் ஒரு வியாசம் எழுதினார். ஒரு குலத்தின் வழக்கம் இன்னது என்று ஏகவசனத்தில் எழுதிவிடும் சாஸ்திரத்துக்குள், இல்லை என்று சொல்லும் தனிமனிதனுக்கு எங்கே இடம் என்பது ஸபீரின் கேள்வி. என் கவனம் அதற்கும் சற்று முன்னால் நிற்கிறது: மறுக்கும் உரிமை மட்டும் படைத்திருந்த அந்தப் பெரியவர் அடிக்குறிப்பில் நிற்கவேண்டியிருந்தது; மறுத்து, தாமே மூலத்தை எழுதும் நிலைக்கு அவருடைய சிநேகிதரின் மகன் ஏறிவந்தான். அந்த ஏற்றத்துக்கு இருபத்தேழு வருஷம் பிடித்தது.

அதற்குத் துணைநின்றவரும், சில விதங்களில் தடைநின்றவரும் ஆலிஸ் ஃப்ளெச்சர். லா ஃப்ளெஷைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். 1881-இல் ஒமாஹா நிலத்துக்கு வந்தவர். 1891-இல் அவரைத் தம் மகனாகவே பாவித்துச் சுவீகரித்துக்கொண்டவர். அன்புக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. ஆனால் பொதுநிலமாக இருந்ததைத் துண்டுபோட்டுத் தனித்தனி ஆட்களுக்குப் பட்டா கொடுத்துவிட்டால் ஒமாஹா ஜனங்கள் நிலத்தை இழக்காமல் தப்புவார்கள் என்று நம்பி, 1882-இல் அதற்கான சட்டம் பிறக்கப் பாடுபட்டவரும், அடுத்த வருஷம் முதல் அந்தப் பங்கீட்டை நேரில் நின்று நடத்தியவரும் அவரே. அவருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் கூடவே நின்றவர் லா ஃப்ளெஷ். பலன் நேர் எதிராயிற்று. பட்டா கைக்கு வந்ததும் அதை வாங்கிக்கொள்ளவும் ஏமாற்றிப் பறிக்கவும் ஆட்கள் காத்திருந்தார்கள். நிலத்தின் பெரும்பகுதி அடுத்த தலைமுறைக்குள் அந்நியர் வசமாயிற்று. நல்லெண்ணத்தால் விளைந்த கேடு என்று இதைச் சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். நிலம் போன பிறகு அந்த ஜனங்களிடம் எஞ்சியிருந்த ஞாபகங்களை எழுதிவைத்தவர்களும் இதே இருவர்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பங்கீட்டின் நடுவே ஃப்ளெச்சர் வாதநோயால் படுத்த படுக்கையாகிவிட்டார். பல மாதம் எழ முடியவில்லை. கால் ஊனமும் நிலைத்துவிட்டது. அப்பொழுது ஒமாஹா ஜனங்கள் அவருடைய படுக்கையருகே வந்து மெல்லிய குரலில் பாடினார்கள். அதற்கு முன் முரசொலியின் கூச்சலில் அவர் காதுக்கு வெறும் சப்தமாகக் கேட்ட அந்தச் சங்கீதம் அன்றுதான் சங்கீதமாகக் கேட்டது. 1893-இல் இருவருடைய முயற்சியாக ஒமாஹா சங்கீதத்தைப் பற்றிய நூல் வெளிவந்தது. அதில் ஜான் ஃபில்மோர் என்ற சங்கீத வித்துவான் அப்பாட்டுகளுக்குப் பியானோ ஸ்வரக்கூட்டுகளைச் சேர்த்து, அவை அப்பாட்டுகளுக்குள்ளேயே மறைந்திருந்தன என்று வாதித்தார். தனிக்குரலிலும் முரசிலும் நிற்கும் சங்கீதத்துக்கு இப்படி ஐரோப்பியச் சட்டை மாட்டியதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நல்ல வேளையாக, 1890-களின் நடுவிலிருந்து மெழுகுருளையில் குரலைப் பதியும் யந்திரம் கைக்கு வந்துவிட்டது. லா ஃப்ளெஷ் அந்த யந்திரத்தின் முன் தம் உறவினரையும் பெரியவர்களையும் அமர்த்திப் பாடவைத்தார். சிலவற்றைத் தாமே பாடினார்.

இனி, அவர் வாழ்வின் மிகக் கனத்த காரியத்துக்கு வருகிறேன்.

ஒமாஹா குலத்தாரிடம் ஒரு புனிதத் தண்டு இருந்தது. காட்டன்வுட் மரத்தில் செய்தது. ஏறக்குறைய எட்டடி நீளம். அதை ஒரு பொருளாக அவர்கள் கருதியதில்லை, வயது முதிர்ந்த பெரியவர் ஒருவராகவே கருதினார்கள். குலம் சிதறிப்போகாமல் கூடி வாழ வழி என்ன என்று முன்னோர் ஆலோசித்துக்கொண்டிருந்த காலத்தில், தலைவரின் மகன் ஒருவன் காட்டில் இரவில் வழிதவறி, எரிந்தும் கருகாமல் ஜொலித்துக்கொண்டிருந்த ஒரு மரத்தைக் கண்டான் என்றும், அந்த மரமே அத்தண்டாயிற்று என்றும் அவர்களுடைய ஐதீகம் கூறுகிறது. அதற்குத் தனிக் கூடாரம் உண்டு. காக்கும் பொறுப்பு ஒரு கிளையைச் சேர்ந்த வம்சத்துக்கு உண்டு. குலம் வேட்டைக்குப் புறப்பட்டால், நம் ஊர் உற்சவமூர்த்தி வீதிக்கு எழுந்தருளுவதுபோல, அதுவும் கூடவே எழுந்தருளும். கோடை வேட்டை முடிந்ததும் காட்டெருமைக் கொழுப்பையும் செங்காவியையும் குழைத்து அதற்குச் சாத்துவார்கள். பல தலைமுறைகளாகச் சாத்திய அந்தக் குழம்பு அதன்மேல் கெட்டியாகப் படிந்திருக்கிறது.

காட்டெருமைகள் அழிந்தன; வேட்டை நின்றது; வேட்டை இல்லாமல் சடங்கு இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். கிழிந்த கூடாரத்தில் அந்தத் தண்டைக் காத்துக்கொண்டு, மஞ்சள் புகை என்று பொருள்படும் பெயர் கொண்ட கிழவர் ஒருவர் மட்டும் இருந்தார். தாம் இறக்கும்போது அதுவும் தம்முடன் மண்ணுக்குள் போக வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். மற்றப் புனிதப் பொருள்களைக் காத்தவர்களுக்கும் அதே எண்ணம் இருந்தது. குலத்தின் சரித்திரம் அத்துடன் புதைந்துவிடுமே என்று லா ஃப்ளெஷ் அஞ்சினார். கிழவரிடம் போய்ப் பேசினார். கிழிந்த கூடாரத்தில் கிடப்பதைவிடக் கிழக்கே பெரிய செங்கல் மாளிகையில் அப்பெரியவர் வாசம் செய்யலாமே என்று எடுத்துச் சொன்னார். கிழவர் உடனே இசையவில்லை, பின்பு இசைந்தார். 1888-இல் தண்டு ஹார்வர்டின் பீபாடி பொருட்காட்சிசாலைக்குப் போயிற்று.

பொருள் போனபின் கதையும் வேண்டுமல்லவா? ஐதீகத்தை வெளியே சொன்னால் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் தீங்கு வரும் என்று கிழவர் நடுங்கினார். வரும் தண்டனை எதுவானாலும் அது தம்மைச் சேரட்டும் என்று ஜோசப் லா ஃப்ளெஷ் முன்வந்து ஏற்றுக்கொண்டபின்பே அவர் வாய்திறந்தார். கதை முடிந்து இரண்டு வாரத்துக்குள், கதை சொல்லப்பட்ட அதே அறையில் ஜோசப் நோயுற்று இறந்தார். நூலில் இந்தச் சம்பவம் எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லப்பட்டிருக்கிறது. காரண காரிய சம்பந்தம் உண்டா என்ற விவாதத்தில் நமக்கு வேலையில்லை. நம்பியவர்கள் அந்த அறையிலே இருந்தார்கள். அப்படியும் சொன்னார்கள், கேட்டார்கள், எழுதினார்கள் என்பதே போதும். சாஸ்திரத்துக்காகத் தந்தையைப் பணயம் வைத்தவர் என்று ஒருவர் லா ஃப்ளெஷைக் குற்றம் சொன்னால் அதை முற்றிலும் மறுக்க என்னால் முடியாது. ஆனால் வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர் எவரும் தம் ஏட்டுக்காக இந்த விலையைக் கொடுக்கும் நிலையில் இல்லை என்பதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

லா ஃப்ளெஷின் பிழை எங்கே இருந்தது என்று கேட்டால், ஒமாஹா ஜனங்களின் பழைய வாழ்வு முடிந்தேபோய்விட்டது என்று நம்பியதில் இருந்தது என்பேன். அக்காலத்து அறிஞர்கள் அனைவரும் அப்படித்தான் நம்பினார்கள்; மறைகிற இனம் என்பது அன்று பத்திரிகைகளின் தினசரிச் சொல்லாக இருந்தது; தந்தையின் போதனையும் அதே திசையில் சென்றது. அந்த நம்பிக்கையில்லாமல் அவர் கிழவரிடம் போயிருக்க மாட்டார். ஆனால் ஜனங்கள் மறைந்துவிடவில்லை. வறுமையிலும் நிலமின்மையிலும், மேஸி என்ற ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றிக்கொண்டு இருந்தார்கள்; வருஷந்தோறும் கூடி ஆடினார்கள். மாளிகையில் குடியேறிய பெரியவரோ கண்ணாடிக்கும் இருட்டறைக்கும் இடையே நூறு வருஷம் தனியே இருந்தார்.

1970-களுக்குப் பிறகு ஒமாஹா குலத்தின் சரித்திரக்காரராகப் பணியாற்றிய டெனிஸ் ஹேஸ்டிங்ஸ் என்பவரும், அவருக்குத் துணையாக நின்ற ராபின் ரிடிங்டன் என்ற மானிடவியல் அறிஞரும் இந்த விவகாரத்தைக் கையில் எடுத்தார்கள். எங்கெங்கே என்னென்ன பொருள்கள் சென்று அடைந்தன என்று தேடியபோது அவர்களுக்கு வழிகாட்டியது எது? லா ஃப்ளெஷும் ஃப்ளெச்சரும் எழுதிய அந்த 1911-ஆம் வருஷத்து நூல்தான். தண்டு யாரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது, எந்தச் சடங்கில் அதன் பங்கு என்ன என்பதெல்லாம் அதில் இருந்தன. தண்டு 1989-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஒமாஹா ஜனங்களிடம் திரும்பி வந்தது. பூர்வகுடிகளின் புனிதப் பொருள்களையும் எலும்புகளையும் திருப்பிக் கொடுக்கும்படி அமெரிக்கப் பொருட்காட்சிசாலைகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அதற்கு அடுத்த வருஷந்தான் பிறந்தது. ஆகையால் சட்டத்துக்கு அஞ்சித் திருப்பினார்கள் என்று பீபாடியைக் குறைசொல்ல முடியாது. ஒமாஹா குலத்தின் மற்றொரு புனிதப் பொருளான வெள்ளைக் காட்டெருமைத் தோலின் கதை வேறு. அது 1898-இல் திருடப்பட்டு, கைமாறி, நியூயார்க்கில் ஒரு பொருட்காட்சிசாலையை அடைந்தது, 1991-இல் திரும்பியது.

இங்கே பொருட்காட்சிசாலைகளின் கட்சியையும் நியாயமாகக் கேட்க வேண்டும். தண்டு மண்ணுக்குள் போயிருந்தால் திரும்புவதற்கு என்ன இருந்திருக்கும் என்று அவர்கள் கேட்கலாம். அது உண்மையே. அந்த வாதம், பத்திரமாக வைத்திருந்தோம் என்ற அளவில் செல்லும். ஆகவே எங்களுக்கே சொந்தம் என்ற அளவுக்குச் செல்லாது. அடைக்கலமாக ஏற்ற பொருளைக் காத்தவன், கேட்டபோது கொடுக்கக் கடமைப்பட்டவன். பீபாடி கடைசியில் அதைச் செய்தது. கேட்பவர்களின் தகுதியை இன்னும் விசாரித்துக்கொண்டே, பாதுகாப்பையும் தட்பவெப்பத்தையும் காரணமாகச் சொல்லி நாளைக் கடத்தும் ஸ்தாபனங்கள் உலகில் பல இருக்கின்றன. அவை ஆராய்ச்சியின் பெயரைத் தங்கள் பிடிவாதத்துக்குப் போர்வையாக்குகின்றன என்பதே என் அபிப்பிராயம்.

குரல்களின் விஷயத்திலும் இதே கேள்வி எழுந்தது. லா ஃப்ளெஷ் பதிந்த மெழுகுருளைகள் காங்கிரஸ் நூலகத்தில் இருந்தன. மெழுகு உளுத்துப் போவதற்கு முன் அவற்றை நாடாவுக்கு மாற்றும் வேலை 1979-இல் தொடங்கியது; 1983-இல் ஒமாஹா கூடுகையின்போது அப்பிரதிகள் குலத்தாரிடம் கொடுக்கப்பட்டன; 1985-இல் பொதுஜனங்களுக்கென்று ஓர் இசைத்தட்டும் வெளிவந்தது. கேட்ட பாடகர்களுக்கு அவற்றில் சில பாட்டுகள் அந்நியமாகவே இல்லை. தாங்களும் பாடிவந்தவையாகவே இருந்தன. மறைந்துபோகும் என்று அஞ்சிப் பதியப்பட்டவை, பதிந்த யந்திரத்தின் தயவு இல்லாமலும் வாய்வழியே வந்து சேர்ந்திருந்தன. லா ஃப்ளெஷ் இதைக் கண்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று எழுதக் கை வருகிறது. ஆனால் அவர் சிரித்திருப்பார் என்பதே பொருத்தமாக இருக்கும்.

ஒமாஹா நூலோடு அவர் நின்றுவிடவில்லை. 1910-இல் ஸ்மித்சோனியன் ஸ்தாபனத்தின் இனவியல் இலாகாவுக்கு மாறி, 1929-இல் ஓய்வு பெறும்வரை, ஓக்லஹோமாவில் உள்ள ஓசேஜ் குலத்தாரின் சடங்குகளில் தம் காலத்தையெல்லாம் செலவிட்டார். இரண்டு குலங்களின் மொழிகளும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. ஆயினும் ஓசேஜ் வீட்டில் அவர் விருந்தாளி. அங்கே மந்திரங்களுக்கு விலை உண்டு, முறை உண்டு, சபை உண்டு. கிளைக்குக் கிளை பாடம் வேறு. புதிய பியோட்டி மார்க்கத்தைத் தழுவிய ஓசேஜ் பெரியவர்கள் பழைய சடங்குகளைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவற்றை அறிந்த சிலர், கூட இருந்தவர்களின் நிஷ்டூரத்துக்கும் தங்கள் மனத்தின் பயத்துக்கும் இடையே, இவரிடம் பாடிக் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட அந்தப் பாராயணங்களை மூலமொழியிலும், பதத்துக்குப் பதமாகவும், பொருள் விளங்கும் வசனமாகவும் அவர் தனித்தனியே அச்சிட்டார். 1921 முதல் 1930 வரை பெரிய பாகங்கள் நான்கு வெளிவந்தன; போர்ச்சடங்கையும் சமாதானச் சடங்கையும் பற்றிய நூல் அவர் மறைந்தபின் 1939-இல் வந்தது. அதே வருஷங்களில் ஓசேஜ் நிலத்தின் அடியில் இருந்த எண்ணெயினால் அந்த ஜனங்களுக்குச் செல்வம் வந்து, அந்தச் செல்வத்தைக் குறிவைத்து அவர்களைக் கொலை செய்யும் கூட்டங்களும் வந்தன. பத்திரிகைகள் கொலைகளை எழுதின. மோட்டார் கார்களையும் எழுதின. பிள்ளைக்குப் பெயரிடும்போது ஓசேஜ் பெரியவர் சூரியனையும் நதியையும் சாட்சியாக அழைத்து என்ன ஓதுவார் என்பதை எழுதிக்கொண்டிருந்தவர் இவர் ஒருவரே.

அவருடைய உழைப்புக்குத் தகுந்த பெயர் அவர் வாழ்நாளில் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1926-இல் நெப்ராஸ்கா சர்வகலாசாலை கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. ஆனால் மானிடவியல் சாஸ்திரத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் வெகுகாலம் வரையில் அவரை ஃப்ளெச்சரின் உதவியாளராகவே குறித்து வந்தார்கள். ஓசேஜ் பாகங்கள் முழுவதும் அவர் தனியே எழுதியவை என்பதை அவர்கள் எப்படி மறந்தார்களோ! ஒன்று மட்டும் நிச்சயம்: அந்தப் பாகங்கள் வாசிப்பதற்கு எளியவை அல்ல. கோட்பாடு ஒன்றையும் அவர் நிறுவவில்லை. ஒரு சடங்கையும் இன்னொரு நாட்டுச் சடங்கோடு ஒப்பிட்டு மேதாவித்தனம் காட்டவில்லை. ஓதினவர் ஓதினபடியே எழுதி, ஓதினவர் பெயரையும் எழுதினார். கோட்பாட்டையே அறிவென்று எண்ணும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது குறையாகத் தோன்றியது போலும். அந்தத் தலைமுறையின் கோட்பாடுகளில் பல இன்று மாணவர்களின் பரீட்சைக்குக்கூட வேண்டாதவை ஆகிவிட்டன.

1932-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி அவர் தம் குலத்தாரின் நிலத்திலேயே காலமானார். ஓசேஜ் மொழிக்கு அவர் தொகுத்த அகராதி அந்த வருஷந்தான் அச்சாயிற்று. அதில் ஒமாஹா மொழியின் வடிவங்கள் பல ஓசேஜ் சொற்களோடு கலந்துவிட்டன என்று பிற்காலத்து மொழியறிஞர்கள் கண்டு சொன்னார்கள். விருந்தாளியின் நாக்கில் தாய்வீட்டு உச்சரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. 2006-ஆம் வருஷத்தில் ஓசேஜ் ஜனங்கள் தங்கள் மொழிக்கென்று தனி எழுத்துக்களை ஹெர்மன் மாங்கிரெயின் லுக்கவுட் என்ற தங்கள் ஆசிரியரைக் கொண்டு உருவாக்கினார்கள். தங்கள் செலவில் வகுப்புகள் நடத்துகிறார்கள். பழைய அகராதியைத் திறக்கும்போது எது ஓசேஜ், எது ஒமாஹா என்று பிரித்து எடுத்துக்கொள்ளும் வேலை இப்பொழுது அவர்களுடையது.